கேள்வி-பதில்: மினிஃபிகர் ஆசைப்பட்டியல்

கே: லெகோ மினிஃபிகர் (லெகோவின் குட்டி மனித உருவங்கள்) சேகரிக்கிறேன். இன்னும் வராத தொடர்கள் என்று 14 பெயர் எழுதி வைத்திருக்கிறேன். ஹேலோ, ஜி.ஐ. ஜோ, டாக்டர் ஹூ, போகிமான்... எதற்குக் காத்திருக்கலாம், எதை விட்டுவிடலாம்? (கோயம்புத்தூர்)

ப: ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள். கதைக்குச் சொந்தக்காரர் யார், பில்டிங் பிளாக் உரிமம் இப்போது யாரிடம், ஏற்கெனவே என்ன அளவில் வந்திருக்கிறது. பட்டியலில் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

ஹேலோ 2009-ல் மெகா பிளாக்ஸிடம் போனது. அந்தக் கம்பெனியை 2014-ல் மாட்டெல் வாங்கியது. ஜி.ஐ. ஜோ ஹாஸ்ப்ரோவின் வீட்டுச் சரக்கு. க்ரே-ஓ என்ற பெயரில் குட்டி உருவங்களை அவர்களே விட்டார்கள், இனி செகண்ட் ஹேண்டில்தான். லெகோவோ இன்றைய ராணுவத்தை அப்படியே காட்டும் செட்களைச் செய்வதில்லை என்று வைத்திருக்கிறது. டாக்டர் ஹூ வராத தொடரே அல்ல: 2015-ல் 21304 என்ற எண்ணில் லெகோ ஐடியாஸ் (ரசிகர்கள் வைக்கும் மாதிரிகளிலிருந்து செய்யும் வரிசை) செட்டாக வந்து, கடையை விட்டும் போய்விட்டது. போகிமான் 2017 முதல் மெகாவிடம் இருந்தது. லெகோவுடன் கூட்டு என்று 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். ஆனால் லெகோவின் பிகாச்சு பிளாக் அடுக்கிக் கட்டும் உருவம். உங்கள் மினிஃபிகர் அலமாரியில் நிற்காது.

உரிமம் கதைக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. பொம்மை வகைக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று, இத்தனை வருடத்துக்கு என்று கூறு போட்டு விற்பார்கள். ஒரே மார்வெல் பாத்திரத்தை லெகோ, மினிமேட்ஸ், ஃபங்கோ மூன்றும் ஒரே காலத்தில் விற்க முடிவது இதனால்தான். எனவே "லெகோவில் இல்லை" என்றால் "எங்குமே இல்லை" என்று அர்த்தமில்லை. வேறு கம்பெனி உருவம் வாங்குமுன் ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். லெகோ சுமார் 4 செ.மீ., மினிமேட்ஸ் 5, பிளேமொபில் 7.5, ஃபங்கோ பாப் ஒன்பதரை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அப்பாவும் பிள்ளையுமாக நிற்கும்.

கே: 10 மினிஃபிகர் 349 ரூபாய், "லெகோ கம்பாட்டிபிள்" என்று போட்டிருக்கிறது. ஒரிஜினலா? (சேலம்)

ப: இல்லை.

கே: ஹாரி பாட்டர் மினிஃபிகர் ஒன்று வாங்கினேன். முகம் மஞ்சள். படத்தில் வரும் பையன் மஞ்சளா? ஏமாந்துவிட்டேனா? (திருநெல்வேலி)

ப: மஞ்சள் என்பதாலேயே போலியாகிவிடாது. லெகோவில் ஹாரி பாட்டர் தொடங்கிய 2001-ல் முகம் மஞ்சள்தான். சினிமா உரிமம் பெற்ற தொடர்களில் தோல் நிறம் பொதுவாக்கப்பட்டது 2004-ல். ஆகவே உங்கள் கையில் இருப்பது பழைய பதிப்பாக இருக்கலாம். கழுத்துக் குமிழைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். எப்படிப் பார்ப்பது என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கே: பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில் "100% ஒரிஜினல்" என்று 6,500 ரூபாய்க்கு ஒரு ஸ்டார் வார்ஸ் மினிஃபிகர். வந்தது போலி என்று நண்பர் சொல்கிறார். விற்றவர் "பாக்கெட் பிரித்தால் ரிட்டர்ன் கிடையாது" என்கிறார். பிரிக்காமல் போலி என்று எப்படித் தெரியும்? (வேலூர்)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. முதலில் போலி என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். தலையைக் கழற்றி, உடலின் கழுத்துக் குமிழை லென்ஸில் பாருங்கள். லெகோ என்ற எழுத்து கூர்மையாகப் பதிந்திருக்க வேண்டும். தலை உச்சியில் உள்ள குமிழிலும், காலின் உள்பக்கத்திலும் அதே பார்வை. பெரும்பாலான போலிகளில் அந்த இடங்கள் மொட்டையாக இருக்கும். அடுத்தது அச்சு. கறுப்பு உடலில் வெள்ளை அச்சு சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தாலோ, இடுப்புக் கோடு உடலிலிருந்து காலுக்கு இறங்கும் இடத்தில் விலகி நின்றாலோ சந்தேகப்படுங்கள். மூன்றாவது, கால் அசைவு. ஒரிஜினலில் லேசான பிடிப்போடு திரும்பும். போலியில் லொடலொட என்றிருக்கும், இல்லையென்றால் மடக்கவே வராது.

இனி சட்டம். 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் நுகர்வோர் விதிகளின்படி, போலியான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்க முடியாது. "பிரித்தால் கிடையாது" என்பது அவர் வீட்டுச் சட்டம். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், குமிழின் குளோஸ்-அப் மூன்றையும் இணையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை இன்றைக்கே எடுங்கள், நாளைக்கு அந்தப் பக்கம் இருக்காது. அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். விடாதீர்கள்.

கே: மிஸ்டர் கோல்ட் மினிஃபிகர் 4,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். முந்திக்கொள்ளவா? (ஈரோடு)

ப: 2013-ல் பத்தாவது சீரிஸில், உலகம் முழுமைக்கும் 5,000 மட்டுமே போட்டது அது. உங்களுக்கு 4,000 ரூபாய்க்குத் தர அவருக்கு என்ன வேண்டுதலா?

கே: செகண்ட் ஹேண்டில் "கம்ப்ளீட்" என்று போட்டு வாங்கிய நான்கில் இரண்டுக்கு முடி வேறு, ஒன்றுக்குக் கேப் (முதுகில் தொங்கும் துணி) இல்லை. இது சகஜமா? (பெங்களூரு)

ப: சகஜம்தான். சகஜமாக இருப்பதுதான் எனக்கு எரிச்சல். "கம்ப்ளீட்" என்ற சொல்லைப் போல இந்தச் சந்தையில் கெட்டுப்போன சொல் வேறில்லை. தலை, உடல், கால் மூன்றும் ஒட்டியிருந்தால் விற்பவருக்கு அது கம்ப்ளீட். வாங்குபவருக்கோ முடி அல்லது ஹெல்மெட், இரு பக்க முகம், கேப், ஆயுதம், கால் அச்சு எல்லாம் சேர்ந்தால்தான். ஹெல்மெட்டும் கேப்பும் இல்லாமல் பாதி விலைகூடப் பெறாத உருவங்கள் உண்டு. அந்த ஓட்டையைப் போலி ஹெல்மெட்டால் அடைத்து, உடல் ஒரிஜினல்தானே என்று வாதாடுவார்கள். நான் 3,200 ரூபாய் கொடுத்த "கம்ப்ளீட்" ஒன்றில் கேப் சட்டைத் துணியில் வெட்டியது. ஓரத்தில் நூல் தொங்கியது.

வழி இருக்கிறது. லெகோ வாங்கி விற்கும் பிரிக்லிங்க் தளத்தில் ஒவ்வொரு மினிஃபிகருக்கும் ஓர் எண் உண்டு. ஸ்டார் வார்ஸ் எஸ்டபிள்யூ என்றும், ஹாரி பாட்டர் எச்பி என்றும் தொடங்கும். ஒரே பாத்திரத்துக்குப் பத்து எண் இருக்கும். முகத்தில் ஒரு கோடு மாறினாலும் வேறு எண், வேறு விலை. விற்பவரிடம் பெயரைக் கேட்காமல் எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணில் உள்ள பாகப் பட்டியலை வைத்துக்கொண்டு ஐந்து போட்டோ கேளுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், முடி கழற்றிய தலையின் இரு முகம், கழுத்துக் குமிழ், அக்குளுக்குக் கீழே உடலின் இரு பக்கவாட்டு ஓரம். கடைசியதைத்தான் யாரும் அனுப்ப மாட்டார்கள். இடுப்புப் பாகம் உள்ளிருந்து தள்ளித் தள்ளி, உடலின் கீழ் ஓரத்திலிருந்து மேல்நோக்கி முடி போல விரிசல் ஓடும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். செம்பழுப்பும் அடர்சிவப்பும் 2010-ஐ ஒட்டிய வருடங்களில் நொறுங்கும் பிளாஸ்டிக்காக வந்தவை. அந்த நிறங்களில் கையையோ ஆயுதத்தையோ இழுத்துப் பார்க்காதீர்கள். ஐந்து போட்டோ தராதவரிடம் வாங்காதீர்கள். அவ்வளவுதான்.

கே: அதே இன்ஸ்டாகிராம் கணக்கில் மூன்றாவது முறையும் முன்பணம் அனுப்பினேன். மூன்றாவது முறையும் பொருள் வரவில்லை. (சென்னை)

ப: முதல் முறைக்கு அனுதாபம். இரண்டாவது முறைக்கு வங்கியில் புகார், 1930-ல் சைபர் குற்றப் புகார். மூன்றாவதற்கு நான் என்ன எழுத?

கே: சீரிஸ் முழுசும் சேர்க்க மிஸ்ட்ரி பாக்ஸ்களை (உள்ளே யார் என்று பிரித்தால்தான் தெரியும் பெட்டி) தனித்தனியாக வாங்கிக்கொண்டே இருக்கிறேன். ஏற்கெனவே ஒரே ஆள் ஐந்து பேர். (பினாங்கு)

ப: கவரில் வந்த காலத்தில் உள்ளே யார் என்று தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். 2023 செப்டம்பரில் மார்வெல் இரண்டாவது சீரிஸோடு அட்டைப்பெட்டி வந்தது, தடவல் போச்சு. 12 பேர் கொண்ட சீரிஸில் ஒருவர்தான் வேண்டுமென்றால் பிரித்து விற்பவரிடம் தனியாக வாங்குங்கள். 12 பேரும் வேண்டுமென்றால் மூன்று நண்பர்கள் சேர்ந்து 36 பெட்டி கொண்ட முழு கேஸ் வாங்குங்கள். ஆளுக்கு ஒரு செட் என்பதுதான் கேஸின் கணக்கு. பிரிக்காத கேஸா என்று சீலைப் பாருங்கள்.

கே: இந்தியாவில் மட்டும் ஏன் இந்த விலை? கடைக்காரர் கொள்ளையடிக்கிறாரா? (திருச்சி)

ப: எல்லாம் அவர் பாக்கெட்டுக்குப் போகவில்லை. பொம்மை இறக்குமதிக்கு அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டால் மட்டும் எனக்கு எழுதுங்கள்.

கே: கம்பெனிகள் செய்யாத தமிழ் சினிமா உருவங்களை "கஸ்டம்" என்று 900 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா? (மதுரை)

ப: கஸ்டம் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றால் அது உங்கள் ரசனை. இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். அச்சு விழுந்திருப்பது ஒரிஜினல் உடலிலா, போலியிலா? பேட் பிரிண்டா (மெத்தென்ற ரப்பரால் மை ஒற்றுவது), யு.வி. பிரிண்டா (புற ஊதா ஒளியில் மை உலர்த்துவது), ஸ்டிக்கரா? யு.வி. அச்சு விரலுக்கு மேடாகத் தட்டுப்படும். ஸ்டிக்கர் ஓரத்தில் எழும்பும். போலி உடலில் ஸ்டிக்கர் என்றால் 900 அநியாயம். மறுவிற்பனை விலையை மறந்துவிடுங்கள். கம்பெனியே செய்ய வேண்டும் என்பது ஆசையானால், லெகோ ஐடியாஸில் மாதிரி வைத்து ஆதரவு திரட்டலாம். 10,000 பேர் சேர்ந்தால் பரிசீலனைக்குப் போகும். அங்கேயும் உரிமம் வேறொருவர் கையில் இருந்தால் கதவு மூடியதுதான்.

கே: கேப் அழுக்காகிவிட்டது. துவைக்கலாமா? (நாகர்கோவில்)

ப: கூடாது. விறைப்புப் போய் ஈரத் துண்டு மாதிரி தொங்கும். மென்மையான பிரஷ் போதும். அலமாரியை ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள்; என்னிடம் வெயில் பட்ட வெள்ளை ஸ்டார்ம்ட்ரூப்பர் ஒருவர் இப்போது பால்கோவா நிறத்தில் இருக்கிறார்.