கொட்டாங்குச்சிக் கரி, கேஓஎச், யூரியா மூன்றையும் ஒன்றாகச் சுடலாமா?

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு நைட்ரஜன் சேர்த்த நுண்துளைக் கார்பன் செய்ய, கரி, துளை போடும் கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு), நைட்ரஜன் தரும் யூரியா மூன்றையும் கலந்து 800 டிகிரியில் ஒரே தடவையாகச் சுடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எங்கள் லேபில் நான் ஜூனியர்களை விடுவதில்லை.

பொட்டாசியம், கார்பன், நைட்ரஜன் மூன்றும் அந்தச் சூட்டில் சேர்ந்தால் பொட்டாசியம் சயனைடு உருவாகலாம். 18ஆம் நூற்றாண்டில் பிரஷ்யன் நீலச் சாயத்துக்கு உலர்ந்த ரத்தத்தையும் பொட்டாஷையும் சேர்த்து வறுத்ததும் இதே வேதியியல்தான். அப்புறம் கழுவுவதற்கு ஆசிட் ஊற்றினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். போதாக்குறைக்கு, சூடு ஏற ஏற நைட்ரஜனும் கழன்று போய்விடும்.

அதனால் முதலில் துளை, பிறகு நைட்ரஜன். கொட்டாங்குச்சியை நார் போகச் சுரண்டி, உடைத்து, காயவைத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் 500 டிகிரியில் கரியாக்குங்கள். அரைத்த கரிக்கு மூன்று மடங்கு எடை கேஓஎச். நம்ம சென்னைப் புழுக்கத்தில் அது தராசிலேயே கசிய ஆரம்பித்துவிடும், சட்டென்று எடை போடுங்கள். 750 டிகிரியில் ஒரு மணி நேரம் போதும். உலைக்குள் வைக்கும் தட்டாக குவார்ட்ஸ் போட் வேண்டாம், கேஓஎச் அதை அரித்துவிடும். நிக்கல் போட் நல்லது. உள்ளே பொட்டாசியம் உலோகமாகவே இருக்கக்கூடும் என்பதால், நன்றாக ஆறும்வரை நைட்ரஜன் வாயுவை நிறுத்தாதீர்கள், ஆறிய பிறகும் மொத்தமாகத் தண்ணீரில் கொட்டாதீர்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் கார்பனேட் நுரைத்துப் பொங்கும், பயப்பட வேண்டாம். அது அடங்கியதும் வெந்நீரில் அலசிய நீரில் லிட்மஸ் நிறம் மாறாமல் ஆகும்வரை அலசுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பொட்டாசியம் போவது இங்கேதான்.

காய்ந்த கரியோடு யூரியாவைக் கலந்து 600 டிகிரியில் மறுபடி சுட்டால் நைட்ரஜன் ஏறும். பிஇடி பரப்பளவு (வாயு ஒட்டுவதை வைத்து அளக்கும் மேற்பரப்பு) கொஞ்சம் குறையும். கைடு முகம் சுளித்தால், எக்ஸ்பிஎஸ்ஸில் (எக்ஸ்-கதிரால் மேற்பரப்பின் தனிமங்களை அறியும் முறை) 398, 401 எலெக்ட்ரான் வோல்ட் பக்கம் வரும் நைட்ரஜன் உச்சங்களைக் காட்டுங்கள். மின்சாரத்தைச் சேமிக்கும் சூப்பர்கெபாசிட்டருக்கு என்றால், பரப்பளவு எண்ணை விட அவைதான் எனக்கு முக்கியம்.

ஏற்கெனவே மூன்றையும் ஒன்றாகச் சுட்டு வைத்திருந்தால், அதில் ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கைடிடம் சொல்லி, சயனைடு கழிவு என்றே எழுதி ஒட்டி, தனியாக எடுத்து வையுங்கள்.