முகம் தேய்ந்த காசு: எடைக்கா, விலைக்கா?

கேள்வி: என் தாத்தா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் விட்டுச்சென்ற தகர டப்பாவில் அறுபது பழைய காசுகள் இருக்கின்றன. முக்கால்வாசி வழவழவென்று தேய்ந்துவிட்டன. சிலவற்றில் ஆண்டே தெரியவில்லை. 1780 என்று போட்ட பெரிய வெள்ளிக்காசு ஒன்று, விக்டோரியா தலை போட்ட 1862ஆம் ஆண்டு ரூபாய் ஒன்று, எருமை படம் போட்ட அமெரிக்கக் காசுகள் சில, பிரிட்டிஷ் பென்னிகளும் ஷில்லிங்குகளும் நிறைய. காட்டிய இடத்தில் "எல்லாம் தேய்ந்தது, எடைக்குத்தான் எடுப்போம்" என்கிறார்கள். இணையத்தில் அதே காசுகளுக்குப் பெருந்தொகை கேட்கிறார்கள். யாரை நம்புவது? விற்கும் முன் துலக்கி வைக்கலாமா?

பதில்: துலக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் இன்றே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

எடைக்கு எடுப்போம் என்றவர் பொய் சொல்லவில்லை. உங்கள் டப்பாவில் பெரும்பாலான காசுகளுக்கு அதுதான் சரியான பதிலாக இருக்கும். ஆனால் நாலைந்து காசுகள் அதற்குள் அடங்காமல் போகலாம். அவற்றையும் அதே குவியலோடு தராசில் போட்டுவிடுவதுதான் ஆபத்து. ஆகவே "இந்த டப்பாவுக்கு என்ன விலை" என்பதை மறந்துவிட்டு, எந்த நாலைந்து என்று தேடுங்கள்.

தேடும்போது பலரும் முதலில் தடுமாறும் இடம் வயது. பழசு என்றால் விலை என்று நினைக்கிறோம். நான்காம் நூற்றாண்டு ரோமானியச் செம்புக்காசுகள் பதினாறு நூற்றாண்டு பழையவை. புதையல் புதையலாகக் கிடைத்திருப்பதால் தேய்ந்தவை சொற்ப விலைக்கே கைமாறுகின்றன. உங்கள் 1780 காசும் அந்த ரகம்தான். அது ஆஸ்திரியாவின் மரியா தெரசா தாலராக இருக்கவேண்டும். மார்பளவு உருவத்துக்குக் கீழே எஸ், எஃப் என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த அரசி இறந்த ஆண்டு 1780. வணிகர்கள் அந்தக் காசையே நம்பிக் கேட்டதால், ஆண்டை மாற்றாமல் அதன்பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். வியன்னாவில் மட்டுமல்ல, ரோம், பாரிஸ், லண்டன், பர்மிங்காம், பம்பாயில்கூட. ஆக அதில் உள்ள 1780 ஆண்டு அல்ல, ஒரு சின்னம். கழுகின் வாலிறகு, தோளில் உள்ள அலங்கார ஊசியின் முத்துகள் போன்ற நுணுக்கங்களை வைத்துத்தான் எந்தக் காலத்து அச்சு என்று பிரிப்பார்கள். காசு தேய்ந்திருந்தால் முதலில் போவது அந்த நுணுக்கங்கள்தான்.

1862 ரூபாயிலும் இதே கதை. அந்த ஆண்டைப் போட்டே 1874 வரை அடித்தார்கள். பின்பக்கத்தில் வைத்த சிறு புள்ளிகளை எண்ணித்தான் எப்போது அடித்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். தலை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கவலைப்படாமல் காசைத் திருப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் புள்ளிகளைப் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் அது ஒரு குறிப்பிட்ட வகை. தெரியாவிட்டால் பொதுவான 1862 ரூபாய், அவ்வளவுதான்.

தேய்ந்த காசைப் பொறுத்தவரை முதல் கேள்வி "எவ்வளவு தேய்ந்தது" என்பதல்ல, "இது எது" என்பதே. எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை, எந்த வகை? அமெரிக்க மோர்கன் வெள்ளி டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். 1921இல் மட்டும் எட்டரைக் கோடிக்கும் மேல் அடித்தார்கள். தேய்ந்த 1921 டாலருக்கு வெள்ளி விலையைத் தாண்டி அதிகம் எதிர்பார்க்க முடியாது. 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது ஒரு லட்சம்தான். பின்பக்க மலர்வளையத்துக்குக் கீழே ஒரு சிறு எஸ் எழுத்து, முன்பக்கம் 1893. இரண்டும் படிக்கும்படி இருந்தால் முகம் மொழுக்கென்று இருந்தாலும் சேகரிப்பாளர்கள் வரிசையில் நிற்பார்கள். பட்டியல் விலைக்கும் எடை விலைக்கும் நடுவே நிற்பது அந்த ஒற்றை எழுத்து. உங்கள் பென்னிகளிலும் ஆண்டின் இடப்பக்கத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அங்கே எச் என்ற எழுத்து இருந்தால் பர்மிங்காம் ஹீட்டன் ஆலையில் அடித்தது. கே, என் இரண்டும் சேர்ந்து இருந்தால் கிங்ஸ் நார்ட்டன் ஆலை. 1918, 1919 பென்னிகளில் வரும். அது வந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

ஆண்டே போய்விட்ட காசில் என்ன செய்வது என்கிறீர்கள். எருமைக் காசில் அது காசின் குற்றமல்ல, வடிவமைப்பின் குற்றம். 1913 முதல் 1938 வரை வந்த அந்த ஐந்து சென்ட் காசில் ஆண்டு மேடான இடத்தில் இருந்தது. கைமாறக் கைமாற அதுதான் முதலில் உரசியது. அதே தவறு 1916இல் வந்த நிற்கும் சுதந்திர தேவி கால் டாலரிலும் நடந்தது. 1925இல்தான் ஆண்டைச் சற்றுப் பள்ளத்தில் வைத்து மாற்றினார்கள். ஆனால் ஆண்டு போனால் எல்லாம் போயிற்று என்று முடிவு கட்டவேண்டாம். எருமை எதன்மேல் நிற்கிறது? மேடான மண்திட்டின்மேல் நின்றால் அது 1913தான், ஏனென்றால் திட்டு அந்த ஒரே ஆண்டில்தான் வந்தது. அதே ஆண்டின் நடுவில் அதை நீக்கிவிட்டு, கீழே நேர்கோடு போட்டார்கள். 1916 கால் டாலரையும் (52,000தான் அடித்தார்கள்) ஆண்டு முழுக்க அழிந்த பின்னும் தலைமுடியையும் உடை மடிப்பையும் வைத்து அடையாளம் காண்பவர்கள் உண்டு. காசைக் கிடைமட்டமாக வைத்து, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால், நேராகப் பார்த்தபோது இல்லாத எண் நிழலாக எழும்புவதைப் பார்க்கலாம். ஃபெரிக் குளோரைடு என்ற ரசாயனத்தை விட்டு ஆண்டை வரவழைக்கும் வித்தை ஒன்றும் இருக்கிறது. எண் தெரியும், கூடவே அந்த இடம் அரித்துப்போய் நிரந்தரத் தழும்பாகும். ஆவலைத் தீர்த்துக்கொள்ளச் செய்யலாம், விலைக்காகச் செய்யாதீர்கள்.

எது என்று தெரிந்த பிறகுதான் தேய்மானத்தின் அளவு. இதற்கு 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்கச் செம்பு சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 1 என்றால் என்ன காசு என்று மட்டும் தெரியும், 70 என்றால் ஒரு கீறல்கூட இல்லாதது. இன்று உலகின் பல இடங்களில் அது புழங்குகிறது. அதில் வரும் ஆங்கிலப் பெயர்களில் ஏமாந்துவிடாதீர்கள். "குட்" என்றால் 4. அதாவது உருவத்தின் வெளிக்கோடு மட்டும் மிஞ்சி உள்ளே ஒன்றுமில்லாத காசு. "ஃபைன்" என்றால் 12, நன்றாகவே தேய்ந்தது. காசு உலகில் "நல்லது" என்றால் பரிதாபமானது என்று பொருள்! எண்ணைத் தீர்மானிக்க ஒவ்வொரு வகைக்கும் ஓர் அடையாள இடம் இருக்கும். 1892இல் தொடங்கிய பார்பர் வகை அமெரிக்க வெள்ளிக்காசில் தலைப்பட்டையில் லிபர்ட்டி என்று ஏழு ஆங்கில எழுத்துகள் இருக்கும். மூன்று எழுத்தாவது தெரிந்தால் 8, ஏழும் படிக்க முடிந்தால் 12. உங்கள் காசுகளுக்கும் அப்படிப்பட்ட இடம் எது என்று அந்தந்த வகையின் விலைப்பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று கவனியுங்கள். அச்சே மழுங்கியோ, அழுத்தம் போதாமலோ அடிக்கப்பட்ட காசும் தேய்ந்ததைப்போலத் தெரியும். சாய்த்துப் பார்க்கும்போது மழுங்கிய இடத்திலும் மூலப் பளபளப்பு சுழன்று ஓடினால் அது அச்சின் குறை. மேடுகள் மட்டும் மங்கி, பள்ளங்கள் வேறு நிறத்தில் இருந்தால் தேய்மானம்.

இனித் துலக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சிறு வயதில் எனக்குக் கிடைத்த ஒரு வெள்ளிக்காசைப் பற்பசை போட்டுக் கண்ணாடிபோல ஆக்கி, பெருமையோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். அதை இன்னும் வைத்திருக்கிறேன், யாரும் வாங்கமாட்டார்கள். நேர்மையாகத் தேய்ந்த வெள்ளிக்காசில் மேடு சாம்பல் நிறமாகவும் எழுத்தோரப் பள்ளங்கள் கறுத்தும் இருக்கும். அந்தக் கறுப்புதான் மிச்சமிருக்கும் உருவத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது. துலக்கினால் அது போகும்; ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் வரும்; செம்பாக இருந்தால் பச்சைக்குழந்தையின் தோலைப்போல ஒரு பொய்யான இளஞ்சிவப்பு நிறம் வரும். தரச்சான்று தரும் நிறுவனங்களில் முன்னணியில் இருக்கும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டும் இப்படிப்பட்ட காசுக்கு எண் தருவதில்லை. "டீடெய்ல்ஸ்" என்று எழுதி, துலக்கப்பட்டது என்று சேர்த்துவிடுவார்கள். தேய்மானத்தை மன்னிக்கும் சேகரிப்பாளர் துலக்கியதை மன்னிப்பதில்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று. பழைய மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் இருந்த காசில் பச்சைப் பசையாக ஒட்டியிருந்தால், அது உறையில் உள்ள பி.வி.சி.யின் வேலை, விட்டால் உலோகத்தை அரிக்கும். தூய அசிட்டோனில் சற்று நேரம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து உலரவிடலாம். தீ அருகில் வேண்டாம். செம்பில் கெட்டியாகப் பிடித்த களிம்பு வேறு விஷயம், அதைச் சுரண்டப் போகாதீர்கள்.

சேதமும் தேய்மானமல்ல. நகையாகக் கோத்த காசில் விளிம்பில் பற்றவைத்த தடம், அடைத்த துளை, வளையம் பிடித்த வடு இருக்கும். அவற்றில் ஒன்று இருந்தாலே பட்டியல் விலையை மறந்துவிடலாம்.

தேய்ந்ததாலேயே அசல் என்றும் நம்பவேண்டாம். கள்ளக்காசு செய்பவருக்குத் தேய்ந்த காசு வசதியானது, கைவேலையின் தடத்தைத் தேய்மானம் மறைத்துவிடும். 1916இல் டென்வரில் 2,64,000 மட்டுமே அடித்த, டைம் எனப்படும் பத்து சென்ட் காசுக்கு, பிலடெல்பியாவில் அடித்த சாதாரணக் காசில் டி எழுத்தை ஒட்டிவைப்பது பழைய தந்திரம். அரிய எழுத்து ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், மகிழ்ச்சிக்கு முன் அந்த எழுத்தின் அடியை லென்ஸில் பாருங்கள்: உலோகத்தோடு சேர்ந்து எழும்புகிறதா, ஒட்டிய கோடு தெரிகிறதா?

மிஞ்சிய காசுகளுக்கு உலோக மதிப்பு. இதிலும் தேய்மானம் நுழைகிறது. அமெரிக்கப் பழைய 90 சதவீத வெள்ளிச் சில்லறையில் ஒரு டாலர் முகமதிப்புக்கு அடித்த அன்று 0.7234 டிராய் அவுன்ஸ் (தங்கம், வெள்ளியை அளக்கும் அவுன்ஸ்) வெள்ளி இருந்தது. வியாபாரிகள் 0.715 என்றே கணக்குப் போடுவார்கள், தேய்மானத்துக்காக. அது நியாயம்தான். உங்கள் ஷில்லிங்குகளில் கவனம் வேண்டும்: 1919 வரை 92.5 சதவீத வெள்ளி, 1920 முதல் 1946 வரை பாதிதான், 1947 முதல் வெள்ளியே கிடையாது. ஐந்தாம் ஜார்ஜ் தலை இருந்து ஆண்டு அழிந்திருந்தால் இரண்டில் எது என்று அடர்த்தியை வைத்துச் சொல்லலாம். 0.01 கிராம் காட்டும் தராசில் காசை எடை போடுங்கள். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. 5.40 கிராம் ஷில்லிங் மூழ்கும்போது தராசு 0.52 காட்டினால் 10.38; 1920க்கு முந்தையது. அதைவிடத் தெளிவாகக் குறைந்தால் பிந்தையது. ஒருமுறைக்கு மூன்று முறை செய்து பாருங்கள். காசு சிறிதாகச் சிறிதாகப் பிழை பெருகும்.

இணையத்தில் நீங்கள் பார்த்த பெருந்தொகை, விற்பவர் கேட்கும் விலை மட்டுமே. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளிலும், விற்றுமுடிந்த பட்டியல்களிலும், அதே ஆண்டு, அதே நாணயச்சாலைக் குறி, அதே தரம் மூன்றும் பொருந்தும் காசு எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். வகையைக் கண்டுபிடிக்க நியூமிஸ்டா என்ற நாணயப் பட்டியல் தளம் இலவசமாகவே போதும். சான்றுக்கு அனுப்பும் செலவு, தபால், காப்பீடு எல்லாம் சேர்த்துக் காசின் விலையைத் தாண்டாதபோது மட்டும் அனுப்புங்கள்.

இதற்கு நேர்மாறாக ஒரு விசித்திரமும் உண்டு. அமெரிக்காவில் சிலர் மிகக் குறைந்த எண் பெற்ற காசுகளையே தேடிச் சேர்க்கிறார்கள். கீறல், வளைவு, துளை எதுவும் இல்லாமல் ஒரே சீராகத் தேய்ந்து 1க்கு இறங்கிய மோர்கன் டாலர் எளிதில் கிடைப்பதில்லை. அவ்வளவு காலம் கைமாறிய காசு வழியிலேயே அடிபட்டிருக்கும். அதனால் உங்கள் டப்பாவில் முற்றிலும் வழவழப்பாக, ஆனால் அடையாளம் தெரியும்படி ஒரு மோர்கன் இருந்தால் அதையும் ஒதுக்கிவையுங்கள்.

இத்தனையும் பார்த்து முடிக்க உங்களுக்கு இரண்டு மாலை போதும். விளிம்பில் மட்டும் விரல் பட எடுங்கள். ஒதுக்கியவற்றைத் தனித்தனிக் காகித உறையில், ஆண்டும் குறியும் எடையும் எழுதி வையுங்கள். பிறகு அதே வியாபாரியிடம் போகலாம். குவியலை உங்கள் கண்முன்னே எடைபோட்டு, 92.5 சதவீதத்தையும் 50 சதவீதத்தையும் தனித்தனியாகக் கணக்கிடச் சொல்லுங்கள். உறையில் உள்ளவற்றை அன்றைக்கு எடுத்துப்போகவேண்டாம்.