மொதல் டோர்னமெண்ட்டுக்கு பேர் குடுத்தாச்சுங்களா? பிரேசிலியன் ஜியு-ஜிட்சு (தரையில உருண்டு பொரண்டு பூட்டு போடற மல்லுக்கட்டு) கேள்வி பதில்

ஏனுங்ணா, பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கறனுங்க. வயசு 31, ஒயிட் பெல்ட், வெயிட் 78 கிலோ. 76 கிலோ பிரிவுல எறங்குனா ஈஸியா ஜெயிக்கலாம்னு கூட ரோல் (ப்ராக்டீஸ் சண்டை) பண்ற பசங்க சொல்றாங்க. ரெண்டு நாள் தண்ணி குடிக்காம இருந்தா எறங்கிருமுங்களா?
- வாசகர், திருப்பூர்

அந்த பசங்க பேச்ச கேக்காதீங்க, கணக்கே தப்பு. ஐபிஜேஜேஎஃப் (இந்த ஆட்டத்தோட சர்வதேச அமைப்பு) ரூல்படி கீ (ஜிட்சு சட்டை, பேண்ட்) போட்டு ஆடற பிரிவுல 76 கிலோன்னா ஒடம்பு மட்டுமில்லீங்க, போட்டிருக்கற கீ, பெல்ட் எல்லாம் சேத்துத்தான் 76. கீ மட்டுமே ஒன்றரை ரெண்டு கிலோ வந்துரும், அப்ப நீங்க 74க்கு எறங்கோணும், நாலு கிலோவ ரெண்டு நாள் தண்ணி குடிக்காம எறக்குனா ஆடற மேட்டுக்கு (விரிப்பு) நீங்க போகமாட்டீங்க, தூக்கிட்டுத்தான் போகோணும். பாக்ஸிங், எம்எம்ஏ மாதிரி மொத நாளே எடை போட்டுட்டு ராத்திரி பூரா குடிச்சு தின்னு தேத்திக்கலாம்ங்கறதும் இங்க நடக்காது. உங்க மொத மேட்ச்சுக்கு கொஞ்சம் முந்தித்தான் மெஷின்ல ஏத்துவாங்க, ஒரே சான்ஸ், கூட இருந்தா அங்கயே வெளிய. காஞ்ச ஒடம்போடயே சண்டைக்கு போகோணும்.

நீங்க கீயோட 80 வருவீங்க, அடுத்த பிரிவு 82.3 கிலோ, பேசாம அதுல எறங்குங்க. இன்னொன்னு, அந்த வருசத்துல 30 ஆகறவங்கள்லருந்து மாஸ்டர் 1னு தனி பிரிவே இருக்கு, காலேஜ் பசங்களோட அடல்ட்ல போய் மோதோணும்னு கட்டாயமில்ல. லோக்கல் போட்டி நடத்தறவங்க அவங்கவங்க எடை லிமிட் வெச்சுக்குவாங்க, பணம் கட்டறதுக்கு முந்தி அந்த ரூல் பேப்பர ஒருக்கா படிச்சிருங்க. மொத நாள் ராத்திரி அரிசிம்பருப்பு சாதம் நெய் விட்டு சாப்புடுங்க, காலைல ரெண்டு மூணு இட்லி போதும். கொள்ளு மட்டும் அன்னிக்கு வேண்டாமுங்க, எதிராளி மேல கொஞ்சம் எரக்கம் காட்டுங்க.

சொந்தமா தறி ஓட்டறோமுங்க. பையன் ஜிட்சு போறான், அந்த கீ வெலைய கேட்டா தல சுத்துது. நாமளே நெய்து தெச்சு போட்டியில போட்டுக்கலாமுங்களா?
- வாசகர், கரூர்

தாராளமா பண்ணலாம், தறிக்காரங்களுக்கு சொல்லியா தரோணும். மேல் சட்டைக்கு பேர்ல் வீவ்னு காட்டன் துணி, 350லருந்து 550 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு கிராம்) வரைக்கும் போடறாங்க, காலர் மொத்தமா தைக்கோணும், பேண்ட்டுக்கு ட்ரில் இல்லாட்டி ரிப்ஸ்டாப். ஐபிஜேஜேஎஃப்ல கலர் மூணுதான், வெள்ளை, ராயல் ப்ளூ, கறுப்பு, மேலயும் கீழயும் ஒரே கலரா இருக்கோணும். மாட்டிக்கறது எங்கன்னா சுருக்கத்துல. கைய நேரா நீட்டுனா மணிக்கட்டு எலும்புலருந்து 5 செண்டிமீட்டருக்கு மேல சட்டைக் கை ஏறக்கூடாது, அளவுகோல் வெச்சே பாப்பாங்க. புதுசுல சரியா இருக்கும், ரெண்டு மூணு தொவையல்ல காட்டன் ஏறிரும், பையன் லைன்ல நிக்கறப்ப வேற கீ கொண்டான்னு திருப்பி அனுப்பிருவாங்க. துணிய தொவைச்சு சுருக்கி எடுத்துட்டு அப்பறமா வெட்டுங்க.

ரெண்டு வருசமா ட்ரெய்னிங் போறேண்ணா. பெரிம்போலோ, டி லா ரீவா, எக்ஸ் கார்ட் எல்லாம் யூட்யூப் பாத்து கத்துகிட்டேன். கிளாஸ்ல நல்லா ரோல் பண்றேன். ரெண்டு டோர்னமெண்ட்லயும் மொத மேட்ச்லயே 0-2ல தோத்துட்டேன். எங்க தப்புன்னே தெரியல.
- இன்ஜினியரிங் மாணவர், பெருந்துறை

தம்பி, லெட்டர்ல டெக்னிக் பேரா இருக்கு, அந்த ரெண்டு பாயிண்ட் எப்படி போச்சுன்னு ஒரு வரி இல்ல. நின்ன எடத்துல கீழ போட்டிருப்பான், மேல உக்காந்துட்டு நேரத்த ஓட்டியிருப்பான், சரிதானே? நம்ம பக்கம் பாதி கிளாஸ்ல எடம் பத்தாம எல்லாத்தையும் முட்டி போட்டுத்தான் ஆரம்பிக்க விடறாங்க. போட்டியோ நின்னுட்டுத்தான் ஆரம்பிக்குது. ரெஃப்ரி கொம்பாச்சின்னு, அதாவது ஆரம்பிங்கன்னு, சொன்னவொடனே உங்களுக்கு பழக்கமே இல்லாத எடத்துலருந்து மேட்ச் தொடங்குது, அங்கயே பாதி தோத்துடறீங்க.

பாயிண்ட்ட மனசுல ஏத்திக்கோங்க. டேக்டவுன் (நின்னவன கீழ போடறது) 2, ஸ்வீப் (கீழருந்து அவன பொரட்டி மேல வர்றது) 2, வயித்துல முட்டி வெச்சா 2, கார்ட் பாஸ் (கீழ இருக்கறவன் காலால தடுக்கறத தாண்டறது) 3, மவுண்ட் (மேல ஏறி உக்கார்றது) 4, பேக் எடுத்து (முதுகுப் பக்கம் போயி) ரெண்டு காலையும் உள்ள கோத்துட்டா 4. எதுவானாலும் 3 செகண்ட் நெலையா புடிச்சாத்தான் கை தூக்குவாங்க. சமமா முடிஞ்சா அட்வான்டேஜ் (கொஞ்சத்துல தவறுன முயற்சிக்கு குடுக்கறது) பாப்பாங்க. ஒயிட் பெல்ட் மேட்ச் 5 நிமிசந்தான், அதுல 2 பாயிண்ட் பின்னாடி போயிட்டு பெரிம்போலோ சுத்தறதுக்கு எங்க நேரம் இருக்கு? பாஸ் பண்ணி அப்படியே மவுண்ட் ஏறுனா 7 பாயிண்ட், பழைய சரக்குதான், ஆனா எந்த மேட்லயும் செல்லும்.

டேக்டவுன் வரலியா, கார்ட் புல் (அவன இழுத்துட்டு நீங்களே கீழ உக்காந்து காலால தடுக்கறது) பண்ணுங்க, அதுல வெக்கமே இல்ல. ஆனா வெறுங்கையோட உக்காராதீங்க, அங்கதான் எல்லாரும் கோட்ட விடறாங்க. ஒரு கை காலர்ல ஆழமா, நாலு வெரலும் உள்ள, இன்னொரு கை அவன் முழங்கைகிட்ட சட்டைய கொத்தா புடிச்சு ஒருக்கா உங்க பக்கம் இழுங்க, அவன் தல குனியும், அந்த நிமிசம் ஒரு பாதத்த இடுப்புல வெச்சு உக்காருங்க. சட்டைக் கைமுனை ஓட்டைக்குள்ள வெரல விட்டு புடிச்சா ஃபவுல், சட்டைய வெளிய மடிச்சு புடிக்கோணும். குதிச்சு இடுப்ப காலால சுத்தறது ஒயிட் பெல்ட்டுக்கு கெடையாது, முட்டி போயிரும்னுதான் தடை.

இனி ஒரு மாசத்துக்கு யூட்யூப்ப மூடுங்க, புதுசா ஒண்ணும் வேண்டாம். நிக்கறதுலருந்து ஆரம்பிச்சு 5 நிமிச ரவுண்டு, ஒவ்வொரு ரவுண்டுக்கும் புது ஆளா வந்தா நல்லது. நடுவுல, 0-2 பின்னாடி இருக்கேன் கடைசி ஒரு நிமிசம்னு வெச்சு ஆடுங்க, அப்ப தெரியும் உங்களுக்கு வர்ற ஸ்வீப் எது, வராதது எதுன்னு. கடைசி வாரம் ரவுண்ட கொறைச்சுக்கோங்க, அந்த வாரத்துலதான் நெம்ப பேர் வெரல் சுளுக்கிட்டு வந்து நிக்கறாங்க.

ஒலிம்பிக்ல ஜிட்சு இருக்குதுங்களா?
- வாசகர், சேலம்

இல்லீங்க. ஆசிய விளையாட்டுல 2018 ஜகார்த்தாலருந்து இருக்கு, அங்க ஜேஜேஐஎஃப்னு வேற ஒரு சர்வதேச ஜிட்சு அமைப்போட நெவாசா (தரைச் சண்டை) ரூல், நான் மேல சொன்ன பாயிண்ட் கணக்க அப்படியே அங்க கொண்டு போகாதீங்க.

புள்ளைக்கு 14 வயசுங்க, போட்டிக்கு போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. கழுத்த நெரிக்கறாங்க, காது வீங்கிருதுங்கறாங்க, ஒறம்பரைங்க நாளைக்கு கல்யாணம் காட்சின்னு பேசறாங்க. அனுப்பலாமுங்களா?
- அம்மா ஒருத்தர், அந்தியூர்

அனுப்புங்கம்மா. சின்ன புள்ளைங்க பிரிவுல காலு லாக்கெல்லாம் கெடையாது, பூட்டு நல்லா விழுந்துருச்சுன்னு தெரிஞ்சா புள்ள டேப் அடிக்கறதுக்கு (விட்டுருன்னு கையால தட்டறது) முந்தியே ரெஃப்ரி நிறுத்தலாம். கழுத்து நெரிக்கறதுல வலிக்கறதுக்கு முந்தியே டேப் அடிக்க புள்ளைய பழக்கோணும், கோச்சு அத சொல்லித்தராம தாங்கு தாங்குன்னு கத்தறவரா இருந்தா கிளாஸையே மாத்திருங்க, இதுல தயவு தாட்சண்யம் பாக்காதீங்க. காது விசயம் நெசந்தான், அடிச்சு ஒரசி காது மடல்ல தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவுல ரத்தம் கட்டிக்குது, விட்டா அப்படியே கெட்டியாயிரும். வீங்குன ஒண்ணு ரெண்டு நாள்ல காது டாக்டர்கிட்ட போனா எடுத்துட்டு கட்டு போட்டு வுட்டுருவாங்க. ஊட்ல ஊசிய வெச்சு குத்தறது கூடவே கூடாது. ப்ராக்டீஸ்ல காது கவசம் போட சொல்லுங்க. ஒறம்பரைக்கு என்ன பதில்னு நான் சொல்ல மாட்டேன், புள்ள நாளைக்கு ஒரு மெடல மாட்டிட்டு நோம்பிக்கு வந்து நின்னா அவிங்களே ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெப்பாங்க.

தொடையில, கழுத்துல வட்ட வட்டமா படர்தாமரை. மெடிக்கல்ல ஒரு க்ரீம் குடுத்தாங்க, போட்டா போகுது, நிறுத்துனா திரும்ப எச்சா வருது. அடுத்த வாரம் போட்டிங்க.
- வாசகர், பொள்ளாச்சி

அந்த டியூப்ப எடுத்து பின்னாடி படிங்க, க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன்னு எதாச்சும் இருக்கும், ஸ்டீராய்டு. அரிப்ப அடக்கிட்டு பூஞ்சைய நல்லா வளத்து விடும். நிறுத்திட்டு தோல் டாக்டர பாருங்க, வாரக்கணக்குல மருந்து சாப்புட வேண்டி வரும், பாதில விட்றாதீங்க. அடுத்த வார போட்டிய மறந்துருங்க, தோல்ல இப்படி இருந்தா எறங்கவே விடமாட்டாங்க, எறங்குனாலும் கூட ஆடறவனுக்கு ஒட்டிக்கும். அதுவரைக்கும் கிளாஸ் பக்கமும் வேண்டாம். கீய ஒவ்வொரு நாளும் தொவைச்சு வெயில்ல போடுங்க, பைக்குள்ளயே சுருட்டி வெச்சு மறுநாள் போடறவங்க கூட ரோல் பண்ணாதீங்க, மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்க.