1957-இன் இரண்டு போர்ப்படங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர்ப்படங்களைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகு ஸ்டான்லி குப்ரிக்கின் ‘பாத்ஸ் ஆஃப் க்ளோரி’ படத்தைத் தேடிப் பார்த்தேன். அதிலிருந்து இன்னும் மீள முடியவில்லை. ஆனால் அப்படத்துக்கு ஆஸ்கரில் ஒரு பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை என்றும், அதே ஆண்டில் மற்றொரு போர்ப்படமான ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ ஏழு விருதுகளை வென்றது என்றும் அறிந்தபோது வருத்தமாக இருந்தது. இந்த விருதுகள் எல்லாம் வெறும் அரசியல்தானா? பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன் விருதுப் பட்டியலை வைத்தே படங்களைத் தேர்ந்தெடுக்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்வது?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

வெறும் அரசியல் என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்கரை வழங்கும் அமெரிக்கத் திரைப்பட அகாதெமி தொடக்கம் முதலே போர்ப்படங்களைக் கொண்டாடி வந்திருக்கிறது. 1929-இல் நடந்த முதல் விழாவிலேயே, முதல் உலகப்போரின் விமானிகளைப் பற்றிய ‘விங்ஸ்’ தலையாய பரிசைப் பெற்றது. அடுத்த ஆண்டே, எதிரிநாடான ஜெர்மனியின் படைவீரன் ஒருவனின் கண்வழியே போரின் வீண்தன்மையைச் சொன்ன ‘ஆல் குவைட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. ஆகவே போரை எதிர்ப்பதற்காக ஒரு படம் ஒதுக்கப்படுகிறது என்பதும் சரியல்ல. எந்த வகையான எதிர்ப்பு ஒதுக்கப்படுகிறது என்றே கேட்க வேண்டும். அதற்குத் தாங்கள் குறிப்பிட்ட 1957-ஐவிடப் பொருத்தமான ஆண்டு இல்லை.

டேவிட் லீன் இயக்கிய க்வாய் ஆற்றுப் பாலத்தின் கதையும் போரை எதிர்ப்பதுதான். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் கர்னல் ஒருவர், தம் வீரர்களின் ஒழுங்கையும் தன்மானத்தையும் காப்பதற்காக எதிரிக்கே மிகச் சிறந்த பாலமொன்றைக் கட்டித் தருகிறார்; இறுதியில் எல்லாம் அழிவதைக் கண்டு மருத்துவர் பைத்தியக்காரத்தனம் என்று கதறுகிறார். நான் அதை மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கர்னலின் பிடிவாதத்தில் ஒரு கம்பீரம் உண்டு. தவறான இடத்தில் செலவானாலும் அது வீரம்தான் என்ற ஆறுதலோடு பார்வையாளர் அரங்கைவிட்டு வெளியேறலாம்.

குப்ரிக் அந்த ஆறுதலைத் தரவில்லை. எறும்புக் குன்று என்று அழைக்கப்படும் ஜெர்மானிய அரணைப் பிடிப்பது இயலாத காரியம் என்று முதலில் மறுக்கும் பிரெஞ்சுத் தளபதி, பதவி உயர்வு பற்றிய பேச்சு எழுந்ததும் இயலும் என்கிறார். தாக்குதல் தோற்கிறது. பதுங்குகுழியைவிட்டு வெளியேற முடியாமல் நிற்கும் தன் படைமீதே பீரங்கியால் சுடும்படி அவர் ஆணையிடுகிறார். எழுத்துமூலமான உத்தரவில்லாமல் சுட மாட்டேன் என்று பீரங்கிப்படை அதிகாரி மறுத்துவிடுகிறார். பிறகு கோழைத்தனத்துக்கு எடுத்துக்காட்டாக மூன்று பேர் பொறுக்கப்படுகிறார்கள். ஒருவன் தன் மேலதிகாரியின் கோழைத்தனத்தைக் கண்ணால் கண்டவன். ஒருவன் சீட்டுக் குலுக்கலில் சிக்கியவன். ஒருவன் யாருக்கும் பிடிக்காதவன். மண்டை உடைந்து நினைவிழந்து கிடப்பவனைத் தூக்குபடுக்கையோடு கொண்டுவந்து நிறுத்தி, கன்னத்தைக் கிள்ளி விழிக்கவைத்துச் சுடுகிறார்கள். இந்தக் கதை கற்பனை மட்டுமல்ல. 1915 மார்ச்சில் பிரான்சின் சூஅன் என்ற ஊரருகே நான்கு கார்ப்போரல்கள் இவ்வாறு சுட்டுக் கொல்லப்பட்டு, 1934-இல்தான் குற்றமற்றவர்கள் என அறிவிக்கப்பட்டார்கள். அதற்கு மறு ஆண்டு வெளிவந்த ஹம்ஃப்ரி காபின் நாவலே படத்தின் மூலம்.

படம் குறைந்த செலவில் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது, இயக்குநருக்கு அப்போது 29 வயதுதான், அதனால் கவனம் பெறவில்லை என்று சிலர் விளக்குவதுண்டு. இந்த விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. அதே ஆண்டில், அதே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட, அதைவிடவும் சிறிய கறுப்பு வெள்ளைப் படமான ‘12 ஆங்ரி மென்’ சிறந்த படம் உள்ளிட்ட மூன்று பரிந்துரைகளைப் பெற்றது. இரண்டுமே தீர்ப்பு வழங்குவதைப் பற்றிய படங்கள். ‘12 ஆங்ரி மென்’ படத்தில் ஒரு நேர்மையான மனிதன் பேசப் பேச மற்றவர்களின் மனம் மாறி, நீதி அமைப்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. குப்ரிக்கின் படத்தில், போருக்கு முன் வழக்குரைஞராக இருந்த கர்னல் டாக்ஸ் அந்த மூவருக்காக அதைவிடச் சிறப்பாகவே வாதாடுகிறார். எதுவும் மாறுவதில்லை, ஏனெனில் அந்த விசாரணையே கொலையின் ஒரு பகுதி. எதிரிப் படைவீரன் எவனும் திரையில் தோன்றாத போர்ப்படத்தில், கொலையாளி தன் படையின் மேல்மட்டமாக இருக்கும்போது, பரிசளிக்கும் கைகள் தயங்குகின்றன என்றே நான் கருதுகிறேன். ஹாலிவுட்டில் மட்டும் நிகழ்ந்ததல்ல இது. அல்ஜீரியப் போரில் ஈடுபட்டிருந்த பிரான்சில் எழுந்த எதிர்ப்பால் அங்கே அப்படம் 1975 வரை திரையிடப்படவில்லை. பிரிட்டிஷ் அகாதெமி அதைச் சிறந்த படத்துக்கான பரிந்துரையில் சேர்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அயல்மொழிப் படங்களுக்கு வேறொரு சல்லடையும் உண்டு. ஒவ்வொரு நாடும் ஒரே ஒரு படத்தைத்தான் ஆஸ்கருக்கு அனுப்பலாம், அதையும் அந்த நாட்டின் குழுவே தேர்ந்தெடுக்கும். 1985-இல் ஜப்பான், அகிரா குரோசவாவின் ‘ரான்’ படத்தை அனுப்பவில்லை. அதிகாரப் பசி ஒரு குடும்பத்தையும் நாட்டையும் எரித்துத் தீர்ப்பதை அதைவிட வலுவாகக் காட்டிய படங்கள் மிகச் சில. பிற பிரிவுகளில் நான்கு பரிந்துரைகளைப் பெற்ற அது, அயல்மொழிப் படப் பிரிவில் நுழையவே இல்லை. அதே ஆண்டில் சோவியத் ஒன்றியம் எலெம் க்ளிமோவின் ‘கம் அண்ட் ஸீ’ படத்தை அனுப்பியது. அது இறுதிப் பட்டியலின் ஐந்து படங்களில் இடம்பெறவில்லை. நாஜிகள் பெலாரூசின் 628 கிராமங்களை மக்களோடு எரித்ததை ஒரு சிறுவனின் முகத்தின் வழியே காட்டும் படம் அது. திரைக்கதையை க்ளிமோவோடு சேர்ந்து எழுதிய அலெஸ் அதமோவிச், பதின்ம வயதிலேயே அந்தக் காடுகளில் கெரில்லாப் படையில் இருந்தவர். சோவியத் தணிக்கை அத்திரைக்கதையைப் பல ஆண்டுகள் முடக்கிவைத்திருந்தது. இந்தப் படத்துக்குப் பிறகு க்ளிமோவ் வேறு படம் எடுக்கவில்லை. ஆனால் இங்கேயும் சதி என்று சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு வென்ற அர்ஜென்டினாவின் ‘தி அஃபிஷியல் ஸ்டோரி’, ராணுவ ஆட்சி கடத்திய குழந்தைகளைப் பற்றிய நேர்மையான படம். முகம் திருப்பிக்கொள்ளாமல் பார்ப்பதற்கே உறுதி வேண்டிய ஒரு படத்துக்கு வாக்காளர்கள் வாக்களிப்பது அரிது, அவ்வளவே. இசாவோ தகஹாதாவின் ஜப்பானிய அனிமேஷன் போர்ப்படமான ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’ வெளிவந்த 1988-இல், முழுநீள அனிமேஷன் படத்துக்கென ஆஸ்கரில் ஒரு பிரிவுகூட இல்லை.

தமிழர்களாகிய நாம் மறக்கக் கூடாத ஒன்றும் இதில் இருக்கிறது. ஏழு விருதுகள் பெற்ற அந்தப் படத்தின் பாலம் இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றின்மேல் கட்டப்பட்டது. ஆனால் படம் பேசும் சயாம்–பர்மா ரயில்பாதையில் மடிந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரிட்டிஷ் கைதிகள் அல்லர். நேச நாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்றால், ஆசியத் தொழிலாளர்கள் அதைப் போலப் பல மடங்கு இறந்தார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுசென்ற தமிழர்கள் அவர்களுள் பெருந்தொகையினர். சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் நினைவுகூரும் அந்தத் துயரம் படத்தின் கதைக்குள் வரவே இல்லை. விருதுக் குழு ஒரு படத்தைக் காணத் தவறுவதைப் பற்றித் தாங்கள் வருந்துகிறீர்கள். விருது பெற்ற படமே காணத் தவறியவர்களைப் பற்றியும் அதே அளவு வருந்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் மகனிடம் விருதுப் பட்டியலைத் தூக்கியெறியச் சொல்ல வேண்டாம். அதிலிருந்து ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, வென்ற போர்ப்படத்தோடு விடுபட்ட போர்ப்படத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1957-இலிருந்தே தொடங்கலாம், இரண்டு படங்களும் அவன் வயதுக்கு ஏற்றவை. தகஹாதாவின் படத்தைத் தாங்களும் உடனிருந்து பாருங்கள். ‘கம் அண்ட் ஸீ’ படத்தை மட்டும் கல்லூரிக்குச் சென்ற பிறகு பார்க்கட்டும்.

அன்புடன்