'ஹைஜாக்' என்றால் விமானக் கடத்தல் மட்டும்தானா? அந்தச் சொல் எப்படி வந்தது?

விமானத்துக்கும் இந்தச் சொல்லின் பிறப்புக்கும் தொடர்பே இல்லை. 'ஹை' என்று தொடங்குவதால் வானத்தோடு முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் இது தரையில், லாரிகளுக்கு நடுவே புழங்கிய சொல்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தது. கனடாவிலிருந்து திருட்டுத்தனமாக மது வந்துகொண்டே இருந்தது. சரக்கேற்றிய லாரியை வேறொரு கும்பல் வழிமறித்து, துப்பாக்கியைக் காட்டி, அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடும். பறிகொடுத்தவன் போலீஸிடம் போக முடியுமா? அவன் சரக்கே சட்டவிரோதம்! இந்த வழிப்பறியைத்தான் அன்று 'ஹைஜாக்' என்றார்கள். கடத்தல் சரக்கையே கடத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சொல்லின் வேர் என்ன? கொள்ளையர்கள் "ஹை, ஜாக்!" என்று கையை உயர்த்தச் சொன்னதிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. சுவையான கதைதான், ஆதாரம் கிடையாது. வழிப்பறிக்காரனைக் குறிக்கும் 'ஹைவேமேன்' என்ற பழைய சொல்லின் முன்பாதி இதில் ஒட்டியிருக்கலாம் என்பது இன்னொரு ஊகம். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் மூலம் உறுதியில்லை என்றே நல்ல அகராதிகள் எழுதுகின்றன.

விமானங்களைக் கைப்பற்றுவது பெருகியபோது சொல் அங்கே தாவியது. ஆனால் 1970 டிசம்பரில் ஹேக் நகரில் உருவான சர்வதேச ஒப்பந்தத்தின் தலைப்பில் 'ஹைஜாக்' இல்லை; 'விமானங்களைச் சட்டவிரோதமாகக் கைப்பற்றுதல்' என்றுதான் இருக்கிறது. பயணிகள் ஏறி வெளிக்கதவுகள் எல்லாம் மூடியதிலிருந்து, இறங்குவதற்காக ஒரு கதவு திறக்கும்வரை விமானம் 'பறப்பில்' இருப்பதாக அது கணக்கிடுகிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானத்தை மிரட்டிப் பிடித்தாலும் குற்றம் குற்றமே.

தமிழில் எனக்கு ஒரு குறை உண்டு. கள்ளச்சரக்கு கொண்டுவருவது, ஆளைத் தூக்கிப் போவது, விமானத்தைப் பிடிப்பது, மூன்றுக்கும் 'கடத்தல்' என்கிறோம். ஆங்கிலத்தில் மூன்றும் வேறுவேறு சொற்கள். போய்க்கொண்டிருப்பதை நடுவழியில் மறித்துத் தன் வசமாக்குவதுதான் 'ஹைஜாக்'கின் உயிர். அதனால்தான் கூட்டத்தில் ஒருவர் விவாதத்தை 'ஹைஜாக்' செய்தார் என்கிறோம். அதை 'விவாதத்தைக் கடத்தினார்' என்று மொழிபெயர்க்காதீர்கள். 'விவாதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்' என்று எழுதினால் பொருள் சரியாக வரும்.