45 நாளில் 17 நாள்தான் பாக்கி

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். 2022-ல் தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்தார்கள். சிறுநீர்க்குழாய் அடிபட்டு, சேலத்தில் மறு ஆபரேஷன். 3 லட்சம் கடன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்ட வழக்கு, எங்கள் வக்கீல் வாய்தாவுக்குப் போகாததால் 28 நாளுக்கு முன் தள்ளுபடி ஆனது. டாக்டர் ஒரு வார்த்தை வருத்தம்கூடச் சொல்லவில்லை. அதே ஆணையத்தில் மறுபடி எடுக்க மனுப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். டாக்டர் வருத்தம் சொல்லாதது, வக்கீல் ஏமாற்றியது எல்லாவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமானது அந்த 28 நாள்தான். மேல்முறையீட்டுக்கு உள்ள 45 நாளில் இனி 17 நாள்தான் பாக்கி.

சிவில் கோர்ட்டில் ஆஜராகாமல் வழக்குத் தள்ளுபடி ஆனால், 30 நாளுக்குள் அங்கேயே மனுப் போட்டு மீட்கலாம். அந்தப் பழக்கத்தில் நுகர்வோர் ஆணையத்திலும் அதையே போட்டுவிடுகிறார்கள். மாவட்ட ஆணையம் இப்படிப்பட்ட உத்தரவைத் தானே ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. மனுவுக்கு நம்பர் வாங்கி, எதிர்த்தரப்பு பதில் போட இரண்டு வாய்தா கேட்டு, கடைசியில் 'அதிகாரம் இல்லை' என்று வரும்போது மேல்முறையீட்டுக்கான 45 நாள் எப்போதோ ஓடியிருக்கும். நல்ல வழக்குகள் இப்படிச் செத்ததைப் பார்த்திருக்கிறேன். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், கிடைத்தால் உண்டு. புதுப் புகாருக்கும் வழியில்லை, 2 வருஷக் கெடு முடிந்துவிட்டது.

நாளைக்கே உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு எழுதிக் கொடுங்கள். வேறு வக்கீல் வைத்து, சென்னையில் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு. புகார்தாரர் வராவிட்டாலும் ஆவணங்களை வைத்து வழக்கைத் தீர்மானிக்கச் சொல்கிறது 2019 சட்டம், அதுதான் உங்கள் பிடி. வக்கீல் தவறு என்று மட்டும் எழுதினால் போதாது. நீங்கள் அவரிடம் விசாரித்துக்கொண்டே இருந்தீர்கள் என்று காட்டும் வாட்ஸ்அப், போன் பதிவு எதுவும் அழிந்துவிடக் கூடாது.

சரி, வழக்கு உயிர்பெற்றால் ஜெயிக்குமா? இந்த ஆபரேஷனில் சிறுநீர்க்குழாய் அடிபடுவது கவனமாகச் செய்தாலும் நேரக்கூடியதுதான் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதை உடைக்க ஒரு நிபுணரின் கருத்து வேண்டும். நம் ஊர்ப்பக்கம் டாக்டருக்கு எதிராக டாக்டர் எழுதித்தர மாட்டார். உள்நோயாளிக் கோப்புகளை மருத்துவமனை 3 வருஷம்தான் வைத்திருக்க வேண்டும், அதுவும் தாண்டிவிட்டது. தர்மபுரி மருத்துவமனையின் கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பு) நகல் முன்பே வாங்கியிருக்கிறீர்களா? இல்லை, சேலம் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் கையில் என்றால், சமாதானமாகப் போங்கள். சேலத்துச் செலவும் வட்டியும் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் மேல்முறையீடு பதிவாகி நம்பர் ஆனபிறகு பேசுங்கள். தள்ளுபடியான வழக்குக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து "கேஸெல்லாம் எதுக்கு, அடுத்த வாரம் உக்காந்து பேசலாம்" என்றால், தாராளமாக வரச் சொல்லுங்கள். அந்த அடுத்த வாரம் உங்களுடைய 17 நாளில்தான் கழியும்.