மூடு வந்தாதான் பிரஷ்ஷைத் தொடணுமா?

கேள்வி: வாட்டர்கலர் பண்றேன் சார். மூடு வந்தா ராத்திரி பூரா உக்காருவேன், வரலைன்னா மாசக்கணக்கா பிரஷ் பக்கமே போறதில்ல. டச்சு ஓவியர் வான்கோவும் வெறி வந்தாதான் வரைவாராம், ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. நானும் இப்படியே இருந்துடலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: காதை அறுத்துக்கிட்டவருங்கற ஒரே கதைய வச்சுக்கிட்டு அந்த மனுஷனை நாம படுத்துற பாடு இருக்கே, அப்பப்பா! தம்பி தியோவுக்கு அவர் எழுதின கடிதம் மட்டுமே 650க்கு மேல கிடைச்சிருக்கு, எடுத்துப் படிச்சுப் பாருங்க, பணம் அனுப்பு, பெயின்ட் அனுப்பு, இப்ப இத வரையறேன், அடுத்து இதப் பண்ணப்போறேன்னு ஒரே வேலைப் பேச்சுதான். 1880ல, 27 வயசுல ஓவியனாகணும்னு முடிவெடுத்தவர் நேரா கான்வாஸ்ல போய் விழல, டிராயிங் பாடப் புஸ்தகத்த வச்சுக்கிட்டு பக்கம் பக்கமா பாத்து வரைஞ்சு பழகினாரு. 1882ல ஹேக் நகரத்துல இருந்தப்ப, தூரம் கிட்டம் சரியா வரணும்னு, அது வழியா பாத்து வரைய ஒரு ஃப்ரேம் செஞ்சு வச்சிருந்தாரு. மேடு பள்ளத்துலயும் அசையாம நிக்கணுமேன்னு அதோட காலுக்கு கொல்லர்கிட்ட சொல்லி இரும்பு முனை போட்டிருக்காரு. வெறி புடிச்சவன் செய்யற வேலையா இது?

‘உருளைக்கிழங்கு சாப்பிடுறவங்க’ படத்த வரையறதுக்கு முந்தின குளிர்காலம் பூரா விவசாயிங்க முகத்த மட்டும் சுமார் 40 வரைஞ்சு தள்ளியிருக்காரு. எந்தக் கலர் பக்கத்துல எந்தக் கலர் எடுக்கும்னு பாக்க ரெண்டு மூணு கலர் கம்பளி நூலைச் சேர்த்து உருண்டையா சுத்தி வச்சிருந்தாரு, அந்தப் பெட்டி இன்னைக்கும் ஆம்ஸ்டர்டாம் மியூசியத்துல இருக்கு.

நீங்க கவனிக்க வேண்டியது 1889. உடம்பு முடியாம பிரான்ஸ்ல சான் ரெமி மனநல ஆஸ்பத்திரியில கிடந்தாரு, வெளிய போக முடியாத நாளும் உண்டு, மாடலா உக்கார ஆளும் கிடையாது. அப்ப பிரெஞ்சு ஓவியர் மில்லேயோட ஓவியங்களோட கருப்பு வெள்ளை பிரின்ட்ட முன்னாடி வச்சுக்கிட்டு தன் கலர்ல வரைய ஆரம்பிச்சாரு, அதுலயே இருபது படத்துக்கு மேல ஆச்சு. சொந்தமா ஒண்ணும் தோணாத நாளுக்குன்னு ஒரு வேலைய ஒதுக்கி வச்சுக்கோங்கம்மா, மூடு வந்தா வரட்டும் வராட்டி போகட்டும்.

கேள்வி: வரையறதப் பத்தி டைரி எழுதச் சொல்றாங்க. உக்காந்தா ‘இன்னைக்கு மனசு சரியில்ல’ங்கறதத் தாண்டி ஒரு வரி வரமாட்டேங்குது. என்ன எழுதறது?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: மனசை விடுங்க, கலரை எழுதுங்க. 1888 அக்டோபர்ல வான்கோ தன் பெட்ரூமை வரையறப்ப தம்பி தியோவுக்கு ஒரு குட்டி ஸ்கெட்ச் போட்டு அனுப்பினாரு, கூடவே சுவர் வெளிர் ஊதா, தரை சிவப்பு ஓடு, கட்டில் வெண்ணெய் மஞ்சள், போர்வை செக்கச்சிவப்பு, ஜன்னல் பச்சைன்னு வரிசையா எழுதியிருக்காரு. இன்னைக்கு அந்தப் படத்துல சுவர் நீலமா தெரியுது, ஏன்னா அதுல கலந்த சிவப்பு காலப்போக்குல வெளுத்துப் போச்சு. அவர் என்ன நினைச்சு அடிச்சாருன்னு அந்தக் கடிதம்தான் சொல்லுது. தனக்குத்தானே எழுத வரலைன்னா தியோ மாதிரி ஒரு ஆளைப் புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்புங்க, அதுவும் டைரிதான்.

கேள்வி: யாராவது குறை சொன்னா ஒரு வாரத்துக்கு கை ஓடல. இதுக்கும் வான்கோகிட்ட வழி இருக்கா?
- அதே ஈரோடு வாசகர்

பதில்: இந்த விஷயத்துல அவரைப் பாத்து கத்துக்காதீங்க! அந்த உருளைக்கிழங்கு படத்தோட பிரின்ட்டப் பாத்துட்டு ஃப்ரெண்டு ராப்பார்ட் கை சரியில்ல அது சரியில்லன்னு கிழிச்சு எழுத, இவர் கோவத்துல கடிதத்தையே திருப்பி அனுப்பிட்டாரு, நட்பும் அதோட முடிஞ்ச மாதிரிதான். ஆனா கோவத்துல பிரஷ்ஷைத் தூக்கிப் போடல. அந்தக் கோடையிலயே வயல்ல வேலை செய்யறவங்கள முழு உருவமா, பெருசு பெருசா வரைஞ்சு பழகினாரு. கோவப்பட்டுக்கோங்க, எந்த எடத்தக் குறை சொன்னாங்களோ அதை மட்டும் தனியா பத்து தடவை வரைஞ்சு பாருங்க.

கேள்வி: ராத்திரி வரைஞ்சா காலையில கலரே வேற மாதிரி இருக்கே?
- ஒரு கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இருக்கத்தான் செய்யும். ராத்திரி வெளிய உக்காந்து வரையறப்ப நீலத்தைப் பச்சைன்னு எடுத்துடலாம்னு வான்கோவே தங்கச்சிக்கு எழுதியிருக்காரு, தெரிஞ்சேதான் வரைஞ்சாரு. நீங்க பகல்லயே கலரைக் கலந்து பேரெழுதி வச்சுடுங்க, ராத்திரி பூசற வேலை மட்டும்.